மறைக்கலாம், நிகராகக் கூடாது: பெண்களின் மார்புத்துணியும் சாதிச் சட்டங்களும்

புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களிடையே தீண்டாமை ஒழிப்புச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் அடிக்கடி ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது: “அந்தக் காலத்தில் பெரும்பாலான பெண்கள் ரவிக்கை அணியவே இல்லையே, பிறகு அதை எப்படிச் சாதிக் கொடுமை என்கிறீர்கள்?” கேள்வி நியாயமானது. ஒரு பழக்கம் வேறு, ஒரு தடை வேறு. ஒன்றை அணியாமல் இருப்பதில் இழிவு இல்லை. அணியக் கூடாது என்று இன்னொருவர் ஆணையிடுவதில்தான் இழிவு இருக்கிறது. பெண்களின் உள்ளாடை, மேலாடை ஆகியவற்றின் வரலாற்றை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். அவ்வாறு படித்தால், நாம் இதுவரை “மானத்துக்கான போராட்டம்” என்று சொல்லிவந்தது உண்மையில் சமத்துவத்துக்கான போராட்டம் என்பது புலப்படும்.

கச்சிலிருந்து பாடி வரை

மார்பைக் கட்டும் துணி தமிழுக்குப் புதிதன்று. கச்சு, வம்பு ஆகிய சொற்கள் பழந்தமிழ் இலக்கியத்திலேயே உண்டு. ஆனால் அது எல்லாப் பெண்களும் எல்லா நாளும் அணிந்த உடை அல்ல. தைத்த ரவிக்கை பரவலானது மிகப் பிற்பட்ட காலத்தில்தான். வங்கத்தில் ஞானதானந்தினி தேவி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலையோடு ரவிக்கையையும் உள்பாவாடையையும் சேர்த்து அணியும் முறையைப் பிரபலமாக்கினார். ஐரோப்பாவிலும் இன்றைய உள்ளாடைக்கு நீண்ட வயதில்லை. உடலை இறுக்கிக் கட்டிய கார்செட்டை இரண்டாகப் பிரித்து, மார்பைத் தாங்கும் மேற்பகுதியைத் தனியாக்கிய எர்மின் கதோல் தன் படைப்பைப் பாரிசில் காட்சிக்கு வைத்தது 1889இல். அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் தமது மார்க்கச்சுக்குக் காப்புரிமை பெற்றது 1914இல். நம் வீடுகளில் “பாடி” என்று வழங்கும் உள்ளாடை கடைத்தெருவுக்கு வந்தது அதற்கும் பிறகுதான்.

எனவே, சேலையின் முந்தானையால் மட்டும் மார்பை மூடி வாழ்ந்த நம் பாட்டிமாரை நாகரிகமற்றவர்கள் என்று கருதுவது தவறு. ரவிக்கைதான் மானத்தின் அளவுகோல் என்பதே புதிதாக வந்த எண்ணம். துணியின் அளவைக் கொண்டு சாதியை அளந்தது எப்படி என்பதே நம் ஆய்வுக்குரிய கேள்வி.

புதுச்சேரியின் ஒரு நாட்குறிப்பு

இதற்கு நம் ஊரிலேயே ஒரு தடயம் உண்டு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாகப் பின்னர் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1745 அக்டோபரில் எழுதிய நாட்குறிப்பில் சம்பா கோயில் என்று மக்கள் அழைக்கும் தேவாலயத்தில் நடந்த நிகழ்வொன்றைப் பதிவு செய்கிறார். அந்தத் தேவாலயத்துக்குள் பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. பறையர்கள் ஒன்றுகூடி முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அதே பதிவில், உடல் தெரியும்படி மெல்லிய மஸ்லின் துணியும் நகைகளும் அணிந்து வழிபாட்டுக்கு வந்த செல்வக் குடும்பப் பெண் ஒருவரைப் பாதிரியார் கடிந்துகொண்ட செய்தியும் வருகிறது.

இந்தப் பதிவைக் கவனமாகப் பாருங்கள். உடல் தெரியும் மெல்லிய துணி, 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் செல்வத்தின் அடையாளம். அதை அணிந்தவர் தம்மை மானமற்றவர் என்று எண்ணவில்லை. தம் தகுதியைக் காட்டுகிறோம் என்றே எண்ணினார். உடல் தெரிவதோ மறைவதோ தானாக இழிவையும் உயர்வையும் தருவதில்லை. அந்தத் துணிக்கு யார் உரிமையுள்ளவர் என்பதே பொருளைத் தருகிறது. இதே விதி தலைகீழாக, கொடுமையின் உச்சத்தில் செயல்பட்ட இடம் தென் திருவிதாங்கூர்.

தோள்சீலை: அரசு எதைக் கொடுத்தது, எதை மறுத்தது

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய தென் திருவிதாங்கூரில், தனக்கு மேலான சாதியார் முன் மார்பைத் திறந்து நிற்பது மரியாதையாகக் கருதப்பட்டது. நாயர் பெண்களே நம்பூதிரிகள் முன்னும் கோயிலிலும் மேல்துணியை நீக்க வேண்டியிருந்தது. ஆனால் மற்ற நேரங்களில் தோளில் சீலை போட்டுக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. அன்றைய ஆவணங்கள் “சாணார்” என்று குறிக்கும் இன்றைய நாடார் சமூகப் பெண்களுக்கும், அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்டிருந்த சாதிகளின் பெண்களுக்கும் அந்த உரிமை எந்நேரமும் இல்லை.

லண்டன் மிஷன் சபையின் பணியால் கிறித்தவம் தழுவிய பெண்கள் மேலாடை அணியத் தொடங்கினர். ஆங்கிலேய ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ 1812–14 காலத்தில் இதற்கு அனுமதி அளித்தார். ஆனால் அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: சிரியன் கிறித்தவர், மாப்பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் அணியும் குப்பாயம் என்ற தளர்ந்த சட்டையை அணியலாம், நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது. கிறித்தவப் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை; அதன் மேல் தோள்சீலையும் போட்டார்கள். 1822 தொடங்கிக் கல்குளம், இரணியல் பகுதிகளில் அவர்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள், துணிகள் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறித்தவப் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தும் தாக்குதல் நிற்கவில்லை. 1827க்குப் பிறகு தேவாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன.

1829 பிப்ரவரி 3ஆம் நாள் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம். தோள்சீலை கூடாது என்று அது மீண்டும் கூறியது. அதே பிரகடனம் இன்னொன்றையும் சொன்னது: ஞாயிற்றுக்கிழமையும் கோயில் வேலையும் நீங்கலாக, கூலியில்லாத ஊழியத்தை அவர்கள் தொடர்ந்து செய்தாக வேண்டும். துணியையும் ஊழியத்தையும் ஒரே ஆணையில் வைத்தது தற்செயல் அன்று. யார் இலவசமாக உழைக்கக் கடமைப்பட்டவர் என்பதைத் தூரத்திலிருந்தே கண்டறிய உதவிய அடையாளம் திறந்த தோள். அந்த அடையாளம் மறைந்தால் ஊழியத்துக்கு அழைக்கும் அதிகாரமும் தளரும்.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம் வெளியான பின் மோதல் மீண்டும் வெடித்தது. 1859 தொடக்கத்தில் வீடுகளும் வழிபாட்டு இல்லங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்தார். திவான் மாதவ ராவின் காலத்தில், 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. பாடநூல்கள் இதைப் போராட்டத்தின் வெற்றி என்று முடித்துவிடுகின்றன. வழக்கறிஞராக அதன் வாசகத்தைப் படித்தால் நமக்கு வேறொன்று தெரிகிறது. சாணார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலச் சட்டை அணியலாம். எந்த மதத்தவராயினும் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

அரை நூற்றாண்டுக் காலம் அரசு மீண்டும் மீண்டும் செய்தது இதுதான். மறைப்பதற்கு அனுமதி கொடுத்தது. நிகராவதற்கு அனுமதி மறுத்தது. மானத்தைச் சலுகையாக வழங்கி, சமத்துவத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. போராடிய பெண்களுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது. மார்பை மூடுவது மட்டுமே அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் குப்பாயம் கிடைத்த அன்றே போராட்டம் முடிந்திருக்கும்.

சான்றைப் பற்றி ஒரு சொல்

இந்த வரலாற்றைப் பேசும்போது நம் தோழர்கள் பெரும்பாலும் சேர்த்தலை நங்கேலியிலிருந்து தொடங்குகிறார்கள். முலைக்கரம் கேட்டு வந்தவனிடம் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்பது வலிமையான வாய்மொழி மரபு; மக்கள் நினைவு என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அக்கால எழுத்து ஆவணம் அதற்குக் கிடைக்கவில்லை. முலைக்கரம் என்பது பெண்கள் மீதான தலைவரியே, மார்பை மூடியதற்கான வரி அல்ல என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். நம் வாதத்தை அதன் மீது மட்டும் நிறுத்தினால், அந்த ஒரு கதையை மறுத்து முழு வரலாற்றையும் மறுத்துவிட்டதாக எதிர்த்தரப்பு கூறும். அரசே முத்திரையிட்டு வெளியிட்ட 1829, 1859 பிரகடனங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆணையிட்டவன் கையெழுத்தைவிட வலிய சான்று வேறில்லை.

பட்டியலின் அடியில் இருந்தவர்கள்

1859 பிரகடனம் சாணார் பெண்களை நோக்கியது. புலையர், பறையர் பெண்களின் பெயர் அதில் இல்லை. அவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொல்லம் பகுதியில் புலையர் பெண்கள் சாதியின் அடையாளமாகக் கழுத்தில் கல்லுமாலை அணிய வேண்டும் என்பது வழக்கம். அந்த மாலைகளே அவர்களின் மார்பின் மீது கிடந்த ஒரே அணி. 1915இல் பெரிநாட்டில் அவர்கள் இந்த வழக்கத்தை மறுத்தபோது குடிசைகள் எரிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய பெருங்கூட்டத்தில், பெண்கள் கல்லுமாலைகளை அறுத்து எறிந்து குவித்தார்கள். கலவரத்தை ஒட்டிய வழக்குகளில் தங்களுக்காக வாதாடியவருக்குக் கட்டணம் கொடுக்கப் பணமில்லாத மக்கள், அதற்கு ஈடாக வெட்டிக் கொடுத்த குளமே கொல்லத்தின் கம்மான்குளம் என்று அவ்வூரார் சொல்கிறார்கள். வழக்கறிஞர் தொழிலில் இருக்கும் நாம் மறக்கக் கூடாத கட்டணம் அது.

திருவிதாங்கூரை மட்டும் குற்றம்சாட்டி நாம் தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டின் இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் சமூகத்தின் ஆதிக்கப் பிரிவினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன.

1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. இம்முறை பட்டியல் உடையோடு நிற்கவில்லை. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதாரரிடம் பண்ணை அடிமைகளாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிரிடக் கூடாது. சொந்த நிலத்தை மிகக் குறைந்த விலைக்கு மிராசுதாரரிடமே விற்றுவிட வேண்டும், இல்லையேல் பாசன நீர் கிடைக்காது. முதல் பட்டியலில் ரவிக்கை. இரண்டாம் பட்டியலில் நிலமும் பள்ளிக்கூடமும். திருவிதாங்கூரில் தோள்சீலையும் ஊழியமும் ஒரே ஆணையில் இருந்தது போலவே, இங்கும் மார்புத்துணியும் நிலவுடைமையும் ஒரே கையால் எழுதப்பட்டன.

பிரெஞ்சுச் சட்டத்தின் நிழலில்

“சமத்துவம்” என்ற சொல்லைத் தன் குடியரசின் முழக்கத்தில் வைத்திருந்த நாடு ஆண்ட நம் ஊரில் நிலைமை என்ன? 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணை, பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆணை, இந்தியர்கள் தத்தம் சாதியின் சட்டங்கள், வழக்கங்களின்படியே தீர்ப்பளிக்கப்படுவார்கள் என்றும் உறுதி கூறியது. வழக்கத்துக்கு மதிப்பளித்தல் என்ற பெயரில் சாதிக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது.

உடையை ஒட்டிய வழக்கொன்று 1873இல் இங்கே எழுந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் இந்திய உடையுடன் ஐரோப்பியக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்கு வந்தார். அதற்காக வாதாடவிடாமல் தடுக்கப்பட்டார். அவர் பாரிசிலுள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று வென்றார். இந்தச் சூழலிலிருந்தே, தம் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்த 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை பிறந்தது. துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள்; பொன்னுத்தம்பி “லபோர்த்” ஆனார். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிறித்தவர் பலர் இந்த வழியைத் தேர்ந்தனர்.

காலணிக்காகப் பாரிஸ் வரை செல்ல அவரிடம் கல்வியும் பொருளும் சாதியும் இருந்தன. திருவிதாங்கூர்ச் சந்தையில் குப்பாயம் கிழிக்கப்பட்ட பெண்ணிடமும் இராமநாதபுரத்தில் குடிசை எரிந்த பெண்ணிடமும் அவை இல்லை. ஆயினும் மூன்று வழக்குகளிலும் கேள்வி ஒன்றே: என் உடலில் எதை அணிவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாருடையது?

பாடநூலிலிருந்து நீங்கியது

இந்த வரலாறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் எட்டாமல் போயிற்று. ஒன்பதாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு குறித்த இயல் ஒன்று இருந்தது. அதில் தோள்சீலைப் போராட்டமும் இடம்பெற்றது. நாடார் சமூகத்தைப் பற்றிய சில குறிப்புகள் இழிவானவை என்று வழக்குத் தொடரப்பட்டது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆட்சேபத்துக்குரிய பகுதிகளை நீக்கச் சொன்னது. அவ்வாண்டு டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைப் பாடத்திட்டத்திலிருந்தே விலக்கியது. 2019இல் அந்த இயல் முழுவதும் நூலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு சமூகத்தை இழிவாக விவரிக்கும் வரிகளைத் திருத்தக் கோருவது உரிமை. ஆனால் வரிகளோடு சேர்ந்து போராட்டமே மறைந்ததால் பயனடைந்தவர்கள் தடை விதித்தவர்களின் வழிவந்தவர்களே.

இன்றைய சட்டம்: புகாரில் எதை எழுத வேண்டும்

இந்த வரலாறு காவல் நிலையத்தில் நமக்கு எவ்வாறு பயன்படும்? 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் நகையும் அணிகலனும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வடிவில், இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஆடையை வலுக்கட்டாயமாகக் களைவது பிரிவு 3(1)(இ)-யின்படி குற்றம். ஆங்கில மூலத்தில் இது ஐந்தாம் எழுத்தால் குறிக்கப்படும் உட்பிரிவு. பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது 3(1)(இசட்ஏ)-யின்படி குற்றம்.

நடைமுறையில் நாம் காண்பது வேறு. பட்டியல் சாதிப் பெண்ணின் ரவிக்கை கிழிக்கப்பட்டால், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்தல் என்ற பொதுக் குற்றப் பிரிவில் மட்டும் வழக்கைப் பதிய முயல்வார்கள். இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 76 ஆகிய பிரிவுகள். அப்பிரிவுகள் தேவையானவை, அவை மட்டும் போதாதவை. சாதியை விட்டுவிட்டு மானத்தை மட்டும் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை, 1859 பிரகடனத்தின் இன்றைய வடிவமே. அது மறைப்பதற்கான உரிமையை ஏற்கிறது. நிகராவதற்கான உரிமையைப் பதிய மறுக்கிறது.

ஆகவே புகார் எழுதும்போது துணி கிழிக்கப்பட்டது என்பதோடு நிறுத்தக் கூடாது. என்ன உடை அணிந்திருந்தார், எந்தத் தெருவில் நடந்தார், தாக்கியவர்கள் உடையைப் பற்றி என்ன சொன்னார்கள், அதற்கு முன் வேலைக்கு வர மறுப்பு, கூலி, நிலம், திருவிழா தொடர்பான தகராறு இருந்ததா என்பதையெல்லாம் எழுத வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று பிரிவு 18ஏ கூறுகிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் பிரிவு 4இன்படி தண்டனைக்குரியவர். விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் பெறவும் கருத்துக் கூறவும் பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருகிறது.

ஒரு கசப்பான முரணையும் இங்கே குறிப்பிட வேண்டும். அன்று குப்பாயத்தின் பாதுகாப்பு கிறித்தவம் தழுவிய பெண்ணுக்கே முதலில் கிடைத்தது. இன்று கிறித்தவம் தழுவிய தலித் பெண்ணுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவு அவருக்கு மூடப்பட்டிருக்கிறது. புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையும் இதே எல்லையைக் கொண்டது. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்நிலையை மீண்டும் உறுதி செய்தது. ஆனால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு “எந்த ஒரு நபர்” மீதும் தீண்டாமையின் பேரில் விதிக்கப்படும் தடையைத் தண்டிக்கிறது. குற்றம் தீண்டாமையின் பேரில் நடந்ததாக அனுமானிக்கும் 12ஆம் பிரிவின் உதவி தலித் கிறித்தவருக்கு இல்லை. அதை அவர் சான்றுகளால் நிறுவ வேண்டும். கடினமான வழி, ஆயினும் திறந்திருக்கும் வழி. அதை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

மாணவர்கள் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆம், அன்று பல சாதிப் பெண்கள் ரவிக்கை அணியவில்லை. ஆனால் சிலருக்கு மட்டுமே அதை அணிவதற்காகக் குடிசை எரிந்தது. அந்தச் சிலர் யார் என்பதையும், அவர்கள் யாருடைய நிலத்தில் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுவோம். வரலாற்றிலும், புகார் மனுவிலும்.